எழுதுமேசைக்கு ஒரு பிரெஞ்சு மைக்கூடு: செவ்ரா, பழைய பாரிஸா, சாம்சனா, லிமோஜா?

பழைய பிரெஞ்சுப் பீங்கான் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் கோப்பை, தட்டு, பூச்சாடி என்றுதான் போவார்கள். ஒரு தட்டு வாங்கினால் மனம் அடுத்த ஐந்து தட்டுக்கு ஓடும். ஒரு ஜாடி வாங்கினால், வீட்டுக்கு வருகிறவர் எல்லாம் அதன் ஜோடி எங்கே என்று கேட்பார்கள். எழுதுமேசைப் பொருள்களில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு மைக்கூடு தன்னளவில் முழுமையானது. கண்ணாடி அலமாரி வேண்டாம், மேசை ஓரத்தில் ஒரு சாண் இடம் போதும். அதோடு, அலமாரியில் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்த ஜாடியைப் போல் இல்லாமல் அது தினமும் வேலை செய்த பொருள். எந்தக் காலத்தில், எப்படிப்பட்ட பேனாவோடு வேலை செய்தது என்பது அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும்.

அந்தக் காலத்து முழு எழுத்துத் தட்டு என்றால் அதில் மைக்கூடு ஒன்று, ஈர எழுத்தின் மேல் மணல் தூவுவதற்குத் துளை போட்ட மூடியோடு ஒரு குடுவை, பேனா துடைக்கப் பஞ்சு வைக்கும் கிண்ணம், சில சமயம் முத்திரை மெழுகை உருக்க ஒரு சின்ன மெழுகுவர்த்தித் தாங்கி, வேலைக்காரரைக் கூப்பிட ஒரு மணி. லண்டன் வாலஸ் சேகரிப்பு அருங்காட்சியகத்தில் 1758இல் பிரான்ஸின் செவ்ர் ஆலை செய்த ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு கோளங்கள். பூகோளத்துக்குள் மை. வான்கோளத்தில் நட்சத்திரங்களே துளைகள். அதன் வழியாக மணல் விழும். நடுவில் இருக்கும் கிரீடத்தைத் தூக்கினால் அதுதான் மணி. பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயி தன் மகள் அடிலெய்டுக்குக் கொடுத்தது என்று கருதப்படுகிறது. நாம் யாரும் அதை வாங்கப்போவதில்லை. ஆனால் ஒரு மைக்கூட்டைக் கையில் எடுக்கும்போது எதையெல்லாம் தேட வேண்டும் என்பதற்கு அது நல்ல பாடம்.

சரி, வாங்கக்கூடியதற்கு வருவோம். கையில் ஓரளவு பணம் வைத்துக்கொண்டு முதல் பொருள் வாங்க நினைப்பவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. அடியில் அரச ஆலையான செவ்ரின் முத்திரை உள்ளது, பாரிஸ் நகரத் தனியார் ஆலைகள் செய்தது (இதைத்தான் 'பழைய பாரிஸ்' என்பார்கள்), சாம்சன் எனும் பாரிஸ் ஆலை செய்த நகல், லிமோஜ் நகரத்தில் செய்தது. விலையை வைத்தோ அழகை வைத்தோ இவற்றை ஒப்பிடலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி வேறு: இதைப் போலியாகச் செய்ய யாருக்காவது காரணம் இருந்ததா?

செவ்ர்: பெயர் பெரிது, வலையும் பெரிது

1740இல் பாரிஸுக்குப் பக்கத்து வான்சேன் கோட்டையில் தொடங்கிய ஆலை 1756இல் செவ்ர் எனும் ஊருக்கு மாறியது. 1759இல் அரசரே அதன் முழு உரிமையாளர் ஆனார். நிறங்களும் பொன்முலாமும் அரச ஆலைக்கே என்று மற்ற ஆலைகளுக்குத் தடை போடப்பட்டது. முத்திரை, ஒன்றையொன்று பின்னிய இரண்டு எல் எழுத்துகள். 1753 முதல் அதற்குள்ளே ஆண்டைக் குறிக்க ஓர் எழுத்து: 1753க்கு ஏ, 1754க்கு பி என்று போகும். 1778இல் எழுத்து இரட்டிக்கும். பக்கத்தில் ஓவியரின், முலாம் பூசியவரின் குறியும் இருக்கும். இவ்வளவு ஒழுங்காகப் பதிவு வைத்த ஆலையின் பொருளை அடையாளம் காண்பது சுலபம் என்றுதானே தோன்றும்? அந்த ஒழுங்கே போலி செய்பவனுக்கும் வசதியாகிவிட்டது. எந்த எழுத்தை எங்கே போட வேண்டும் என்று புத்தகத்தைப் பார்த்தே போட்டுவிடலாம்.

இதற்கு ஆலையும் ஒரு வகையில் துணை போனது. 1800இல் இயக்குநராக வந்த அலெக்ஸாண்டர் ப்ரோன்யார், 1804வாக்கில் பழைய மென்பீங்கான் தயாரிப்பை நிறுத்தினார். கிடங்கில் வண்ணம் தீட்டாமல் கிடந்த வெள்ளைப் பாண்டங்கள் மொத்தமாக விற்கப்பட்டன. வாங்கியவர்கள் பாரிஸிலும் இங்கிலாந்திலும் இருந்த ஓவியர்கள், வியாபாரிகள். அவர்கள் அந்த அசல் செவ்ர் வெள்ளையின் மேல் பதினைந்தாம் லூயியின் காதலி பொம்பதூர் சீமாட்டி காலத்துப் பாணியில் காதலர்களையும் பூங்கொத்துகளையும் தீட்டி, பழைய செவ்ர் என்று விற்றார்கள். உடம்பு அசல், ஓவியம் பொய். இன்று சந்தைக்கு வரும் 'பதினெட்டாம் நூற்றாண்டு செவ்ர்' எவ்வளவோ இந்த வகை. இன்னும் நிறைய, உடம்பும் பொய்.

மென்பீங்கான் என்று சொன்னேனே, அதற்கும் வன்பீங்கானுக்கும் உள்ள வித்தியாசம் எனும் இந்த ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டால் பாதிப் போலிகளை ஒதுக்கிவிடலாம். பிரான்ஸில் கயோலின் எனும் வெள்ளைக் களிமண் கிடைக்காத காலத்தில், அரைத்த கண்ணாடிக் கலவையோடு களிமண் சேர்த்துக் குறைந்த சூட்டில் சுட்டார்கள். அதுதான் மென்பீங்கான். லிமோஜுக்குத் தெற்கே சேன்-திரியேயில் 1768இல் கயோலின் கிடைத்த பிறகுதான் சுமார் 1,400 டிகிரியில் சுடும் வன்பீங்கான் செவ்ரில் வந்தது. உடைந்த ஓரத்தைப் பாருங்கள். வன்பீங்கானின் சிதைவு கண்ணாடி உடைந்தாற்போல் பளபளவென்று, சிப்பி வடிவில் இருக்கும். மென்பீங்கானில் அது நுண்மணலாக, கொஞ்சம் கிரீம் நிறத்தில். மென்பீங்கானில் வண்ணம் பளபளப்பான கண்ணாடி மேற்பூச்சுக்குள் அமிழ்ந்து கரைந்தாற்போல் இருக்கும். வன்பீங்கானில் மேலே உட்கார்ந்திருக்கும், விரல் நகத்தால் தடவினால் மேடு தட்டும். இப்போது ஒரு மைக்கூட்டின் அடியில் பின்னிய எல் எழுத்துகளும் நடுவே 'இ'யும் இருந்தால் அது 1757ஐக் குறிக்க வேண்டும். ஆனால் உடம்பு வன்பீங்கான். கணக்கு உதைக்கிறது அல்லவா? பேரம் பேச வேண்டியதே இல்லை, கீழே வைத்துவிட்டு நடக்கலாம்.

இன்னொரு சோதனை, பச்சை நிறம். குரோமியம் எனும் தனிமத்தை வோக்லேன் கண்டுபிடித்தது 1797இல். அதிலிருந்து செய்த அடர்ந்த, கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சை பீங்கானில் வந்தது அதற்குப் பிறகுதான். பழைய பச்சை தாமிரத்திலிருந்து வந்தது, நீலச் சாயல் உள்ளது. 1760 என்று சொல்லும் பொருளின் இலைகளில் குரோமியப் பச்சை இருந்தால், ஓவியமாவது பின்னால் வந்தது.

என் அக்கா மகன் ஒரு நாள் தொலைபேசியில் படம் அனுப்பி, "மாமா, அடியில ரெண்டு எல் இருக்கு, இது செவ்ர்தானே?" என்று கேட்டான். வெண்கலச் சட்டத்தில் பொருத்திய கருநீல மைக்கூடு, நடுவில் ஒரு சீமாட்டி முகம். "ரெண்டு எல் இருக்கிறதுதான்டா பிரச்சினை" என்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் இப்படிப்பட்ட வெண்கலம் கட்டிய 'செவ்ர் பாணி'ப் பொருள்கள் கூடை கூடையாக உற்பத்தியாயின. தூயிலெரி அரண்மனை என்று சிவப்பில் முத்திரை போட்டவற்றில் பலவும் அந்தக் கூட்டம்தான். லூயி-பிலிப் அரசரின் அரண்மனைகளுக்கு செவ்ர் உண்மையிலேயே அப்படி முத்திரையிட்டுத் தந்தது, அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். அலங்காரப் பொருளாக அவை ஒன்றும் மோசமில்லை. செவ்ர் விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

செவ்ர் பெயர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு ஒரு நேர்வழி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதி செவ்ர். 1848 முதல் ஆலை, வெள்ளைப் பாண்டத்தின் மேற்பூச்சுக்கு அடியில் பச்சை நீள்வட்டத்துக்குள் எஸ் எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் போட்டது. வண்ணமோ முலாமோ தன் கூடத்திலேயே பூசினால், மேற்பூச்சின் மேல் சிவப்பில் இன்னொரு முத்திரை. இரண்டும் சேர்ந்து இருந்தால் நிம்மதி. பச்சை முத்திரையின் குறுக்கே கல்லால் இழுத்தாற்போல் ஒரு வெட்டு இருந்தால், ஆலை அதை வெள்ளையாகவே வெளியே விற்றுவிட்டது என்று பொருள். ஓவியம் வெளியார் கை. இந்தக் காலத்துப் பொருளில் லூயி காலத்துக் கவர்ச்சி இல்லை, சில சமயம் அரசாங்க அலுவலகத்து வாடை கூட அடிக்கும். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாம்.

பழைய பாரிஸ்: பெயர் இல்லாதது பலம்

அரச ஆலையின் தடை இருந்தபோதே பாரிஸில் தனியார் ஆலைகள் முளைத்தன. தந்திரம் எளிது. அரசரின் ஆணையிலிருந்து தப்ப வேண்டுமானால் அரச குடும்பத்திலேயே ஒருவரைக் காவலராகப் பிடி. திரூ தெரு ஆலைக்கு மரி அந்த்வானெத் ராணி; அதன் முத்திரை கிரீடம் வைத்த ஏ எழுத்து. க்ளீன்யான்கூர் ஆலைக்கு அரசரின் தம்பி, பின்னாளில் பதினெட்டாம் லூயி. இன்று மெட்ரோவில் போர்த் த க்ளீன்யான்கூர் நிறுத்தத்தில் இறங்கிப் பழம்பொருள் சந்தைக்கு நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரில் ஒரு பீங்கான் ஆலை இருந்தது தெரியும்? டீல் எ கெரார் ஆலை அங்கூலெம் கோமகனின் காவலில். 1780களில் தடை தளர்ந்தது, புரட்சி வந்ததும் போயே போயிற்று. அப்புறம் நாஸ்ட், தகோத்தி, தார்த் என்று ஒரு பெரும் வரிசை. நெப்போலியன் காலத்துப் பொன், கறுப்பு, அன்னம், சிங்கப் பாதம் எல்லாம் இவர்கள் உலகம்.

இவர்கள் செய்ததில் பெரும்பகுதிக்கு முத்திரையே கிடையாது. 'பழைய பாரிஸ்' என்று பொதுப்பெயரில் விற்பார்கள். புதிதாக வருகிறவர்கள் இதைக் குறையாகப் பார்க்கிறார்கள், அடியைத் திருப்பிப் பார்த்து ஏமாந்த முகத்தோடு வைத்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் இந்த வகையின் சிறப்பு. முத்திரை இல்லாத மைக்கூட்டைப் போலி செய்து யாருக்கு என்ன லாபம்? அப்படி ஒருவன் செய்ய வேண்டுமானால் களிமண், முலாம், வடிவம் எல்லாவற்றையும் சரியாகச் செய்து, கடைசியில் பெயரில்லாத விலைக்கு விற்க வேண்டும். அந்த உழைப்புக்கு அவன் செவ்ர் முத்திரையே போட்டுவிடுவானே. ஆகவே இங்கே கவனம் தானாகவே அடியிலிருந்து உடம்புக்கு வருகிறது.

உடம்பில் என்ன பார்ப்பது? வன்பீங்கான், தூய வெள்ளை. வட்டமான முரசு வடிவக் கூடு, மேல் தட்டில் நடுவே மைக்கு ஒரு வாய், சுற்றி இறகுப் பேனா செருகத் துளைகள். துளை எவ்வளவு அகலம் என்று பாருங்கள். வாத்து இறகின் தண்டு நுழைய இடம் வேண்டும். இறகும் மணல் குடுவையும் உள்ள பொருள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முன்பாதி வரை. பேனாவைப் படுக்கவைக்கப் பள்ளம் இருந்தால் எஃகு முனைப் பேனாக் காலம் என்று எடுத்துக்கொள்ளலாம். 1884இல் வாட்டர்மேன் ஊற்றுப்பேனாவுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு மைக்கூடு கொஞ்சம் கொஞ்சமாகப் பரிசுப்பொருளாகச் சுருங்கியது. முலாம் தேய்ந்திருக்க வேண்டும், ஆனால் கை படுகிற இடத்தில்: மூடியின் குமிழ், தட்டின் விளிம்பு. கை போகவே முடியாத சந்தில் தேய்ந்து, குமிழில் மட்டும் பளபளத்தால் யாரோ பின்னால் பொன் பூசியிருக்கிறார்கள்.

இதே பாரிஸ் வட்டாரத்தில் ஒருவர் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியவர், ஜாக்கோப் பெத்தி. 1796இல் பிறந்தவர், ஓவியராக இருந்து பீங்கானுக்கு வந்தவர். 1830களில் ஃபோன்தேன்ப்ளோவில் ஆலை வைத்தார். நெப்போலியன் காலத்து நேர்க்கோடுகளில் சலித்துப்போன மக்களுக்கு மறுபடி சுருளும் சிப்பியும் பூவும் கொடுத்தார். மைக்கூடு, வாசனைக் குப்பி, கடிகாரக் கூடு, இரவில் தேநீர் சூடாக வைக்கும் விளக்கு என்று மேசைக்கும் படுக்கையறைக்குமான சின்னப் பொருள்களில் அவருக்கு இணை இல்லை.

அவருடைய பாணியில் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். அடி ஒரு சுருள் மேடை, நான்கு மூலையிலும் சிப்பிக் கால். நடுவில் பூங்கொத்து தீட்டிய இடம், சுற்றிலும் வெளிர்பச்சை, அதன் விளிம்பில் பொன். மேலே இரண்டு கிண்ணம், ஒன்று மைக்கு, ஒன்று மணலுக்கு. இரண்டின் மூடியிலும் கையால் இதழ் இதழாக ஒட்டிய ரோஜா. மேடையின் பக்கங்களிலும் ஒட்டுப்பூக்கள். இதழின் முனை தாள் கனம். இருநூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான இந்தப் பொருளில் ஓர் இதழ்கூட ஒடியவில்லை என்றால் நான் சந்தேகப்படுவேன், மகிழ மாட்டேன். இரண்டு மூன்று இதழ் முனை போயிருப்பது இயல்பு, அதற்காக விலை கொஞ்சம் குறைவதும் இயல்பு. அடியில் மேற்பூச்சுக்குக் கீழே நீலத்தில் ஜே, பி என்ற இரண்டு எழுத்து. இங்கே நம் பழைய கேள்வி திரும்பி வருகிறது. இவர் பெயருக்கு மதிப்பு வந்ததும் இந்த இரண்டு எழுத்தையும் மற்றவர்கள் போட்டார்கள். ஆகவே முத்திரை இருப்பதால் மட்டும் அதிகப் பணம் தராதீர்கள். முத்திரை இல்லாமல், ஆனால் ஒட்டுப்பூவும் ஓவியமும் நன்றாக இருக்கும் ஒன்றை வியாபாரி 'ஃபோன்தேன்ப்ளோ பாணி' என்று கூச்சத்தோடு விற்றால், அதுவே நல்ல வாங்கல்.

சாம்சன்: நகல் என்று தெரிந்தே வாங்குவது

எட்மே சாம்சன் 1845இல் பாரிஸில் தொழில் தொடங்கினார். குடும்பங்களில் உடைந்துபோன தட்டுக்கும் கோப்பைக்கும் மாற்று செய்து தருவதுதான் ஆரம்பம். அதில் கைத்தேர்ச்சி வந்ததும், ஜெர்மனியின் மைசன், இங்கிலாந்தின் செல்சி, சீனத்துக் குலச்சின்னத் தட்டு, செவ்ர் என்று உலகத்துப் பீங்கான் அனைத்துக்கும் நகல் செய்யும் ஆலையானது. மகன் எமில் காலத்தில் பெரிதாக வளர்ந்து 1969 வரை நடந்தது. அருங்காட்சியகப் பொருள்களுக்கு நகல் செய்வதாகவும் தங்கள் சொந்தக் குறியைச் சேர்த்தே போடுவதாகவும் அவர்கள் சொன்னார்கள். குறி போட்டார்கள்தான். அதை அரைத்து எடுத்துவிட்டு விற்றவர்கள் அடுத்தவர்கள். அடியில் ஓரிடம் மட்டும் மெருகு போய் மங்கலாக, வழவழப்பு மாறித் தெரிந்தால் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே ஒரு காலத்தில் ஏதோ எழுதியிருந்தது.

சாம்சன் பெரும்பாலும் வன்பீங்கானில் வேலை செய்தார். அதனால் மென்பீங்கானில் பிறந்த செல்சிக்கும் பழைய செவ்ருக்கும் அவர் செய்த நகல்கள் களிமண்ணிலேயே காட்டிக்கொடுத்துவிடும். வன்பீங்கானான மைசன் நகல்தான் கண்ணை ஏமாற்றும். இன்று சாம்சனைச் சாம்சனாகவே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், விலையும் ஏறியிருக்கிறது. வேலைத்திறம் அவ்வளவு நேர்த்தி. ஆனாலும் முதல் பொருளாக இதை நான் சொல்ல மாட்டேன். நகலை ரசிக்க வேண்டுமானால் அசலைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். முதல் பொருளே நகல் என்றால் கண் நகலில் பழகிவிடும், அப்புறம் அசல் ஏதோ மங்கலாக, கோணலாகத் தெரியும்.

லிமோஜ்

இது சீக்கிரம் சொல்லி முடிக்கலாம். கயோலின் பக்கத்திலேயே கிடைத்ததால் லிமோஜ் பீங்கான் நகரமானது. 1842இல் அமெரிக்கர் டேவிட் ஹேவிலண்ட் அங்கே வந்து குடியேறி, அமெரிக்கச் சந்தைக்கென்றே உற்பத்தியை வளர்த்தார். 1890இன் அமெரிக்க இறக்குமதிச் சட்டம் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் அமெரிக்காவுக்குப் போன பொருளில் 'ஃபிரான்ஸ்' என்று இருந்தால் 1891 அல்லது அதற்குப் பின் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். இங்கேயும் இரண்டு முத்திரைகள். மேற்பூச்சுக்குக் கீழே இருப்பது வெள்ளைப் பாண்டம் செய்த ஆலை. மேலே இருப்பது வண்ணம் தீட்டிய இடம். மேல் முத்திரை இல்லாமல் ஒரு பெண் பெயரும் ஆண்டும் கையெழுத்தாக இருந்தால், வெள்ளையாக ஏற்றுமதியான பாண்டத்தை அமெரிக்காவில் ஏதோ ஒரு வீட்டில் பொழுதுபோக்காகத் தீட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பீங்கான் ஓவியம் அங்கே பெண்களிடையே பெரிய மோகம். மைக்கூடு, பேனாத் தட்டு, தபால்தலைப் பெட்டி, மை ஒற்றும் உருளை என்று முழு மேசைத் தொகுதியாகவே கிடைக்கும், விலையும் கைக்கு அடங்கும்.

ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். ரோஜா இதழ் வரிசை வரிசையான புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு, தூரிகை இல்லை. சந்தையில் சின்னக் கீல் பெட்டிகள் லிமோஜ் என்று நிறைய விற்கும். அவை அழகான நினைவுப்பொருள்கள், ஆனால் பெரும்பாலும் நம் காலத்தவை.

பணமும் சீட்டும்

விலையைப் பொதுவாகச் சொன்னால், லிமோஜ் மேசைப் பொருள் இரண்டு இலக்க யூரோவிலேயே தொடங்கும். பழைய பாரிஸும் ஜாக்கோப் பெத்தியும் மூன்று இலக்கத்தில் உலவும், நல்ல நிலையில் இருந்தால் அதைத் தாண்டும். சாம்சன் அதே வட்டாரம், எதன் நகல் என்பதைப் பொறுத்து. அசல் பதினெட்டாம் நூற்றாண்டு செவ்ர் எழுத்துத் தட்டு என்றால் ஆயிரங்களில்தான் பேச்சே ஆரம்பிக்கும். பாரிஸின் த்ருவோ ஏல மாளிகையில் வாங்கினால், சுத்தியல் விழுந்த தொகைக்கு மேல் கால் பங்கு அளவுக்குக் கட்டணம் சேரும் என்பதை மனதில் வைத்துக் கை தூக்குங்கள். அங்கே ஒரு வசதி, ஏலத்துக்கு முன் பொருள்களைக் காட்சிக்கு வைப்பார்கள், கேட்டால் கையில் எடுத்துப் பார்க்கவும் தருவார்கள். வாங்காவிட்டாலும் போய்ப் பார்க்கலாம், காசு கிடையாது. சேன்-துவான் பழம்பொருள் சந்தையில் வெர்னேசோன் பகுதியின் சின்னக் கடைகளும், வார இறுதியில் வான்வ் தெருச் சந்தையும் சின்னப் பொருளுக்கு ஏற்ற இடங்கள்.

பிரான்ஸில் வாங்குகிறவருக்கு ஒரு நல்ல பாதுகாப்பு உண்டு, பலருக்குத் தெரியாது. 1981இல் வந்த மார்க்யூஸ் ஆணை, பழம்பொருள் விற்பவர் சீட்டில் எழுதும் சொற்களுக்குச் சட்டப் பொறுப்பு வைத்தது. 'பதினைந்தாம் லூயி காலம்' என்று எழுதினால் அந்தக் காலத்தில் செய்தது என்று அவர் உத்தரவாதம் தருகிறார். 'பதினைந்தாம் லூயி பாணி' என்றால் எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே வாயால் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "இதையே சீட்டில் எழுதித் தாருங்கள்" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். 'காலம்' என்று பேசிய வாய், எழுதும்போது 'பாணி' என்று எழுதினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. பழுதுபார்த்ததையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

பழுது என்றதும், மைக்கூட்டில் முதலில் பார்க்க வேண்டியது மூடி. கீழே விழுவது அதுதான், தொலைவதும் அதுதான். மூடியைக் கூட்டின் பக்கத்தில் வைத்து வெள்ளையோடு வெள்ளையை ஒப்பிடுங்கள். ஒன்று நீலம் பாய்ந்தும் இன்னொன்று பால்போலவும் இருந்தால் இரண்டும் வேறு வேறு தாய் பெற்றவை. வாயில் வைத்துச் சுழற்றுங்கள். அசல் ஜோடி சத்தமில்லாமல் உட்காரும். உள்ளே மை வைக்கும் கிண்ணம் தனியாக எடுக்கும்படி இருந்தால், அது இருக்கிறதா, அதே பீங்கானா, பின்னால் வந்த கண்ணாடியா? புற ஊதா விளக்கு ஒன்று சின்னதாகக் கிடைக்கிறது. இருட்டில் அடித்துப் பார்த்தால் ஒட்டுவேலையும் பின்னால் பூசிய வண்ணமும் பெரும்பாலும் சுற்றியுள்ள பீங்கானிலிருந்து மாறித் தெரியும். விரலால் மெல்லத் தட்டினால் கணீர் என்ற ஒலிக்குப் பதில் மொட்டையான ஒலி வந்தால் எங்கோ கீறல்.

என்னைக் கேட்டால், முதல் பொருள் முத்திரையில்லாத பழைய பாரிஸ் மைக்கூடு, மூடியும் உள்கிண்ணமும் கூடவே பிறந்ததாக, முலாம் நேர்மையாகத் தேய்ந்ததாக. பூவும் சுருளும்தான் பிடிக்கும் என்பவருக்கு ஜாக்கோப் பெத்தி வகை, ஓரிரு இதழ் போனது பரவாயில்லை. பணம் குறைவு, ஆனால் மேசை நிறைய வேண்டும் என்றால் கையால் தீட்டிய லிமோஜ் தொகுதி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செவ்ரை வாங்குவதற்கு முன் மெட்ரோவில் போன் த செவ்ர் வரை போய் அங்குள்ள பீங்கான் அருங்காட்சியகத்தில் அசலை நிதானமாகப் பாருங்கள். நகருக்குள்ளேயே நீசிம் த கமோந்தோ அருங்காட்சியகத்திலும் பறவைகள் தீட்டிய செவ்ர் தொகுதி இருக்கிறது. அந்த வெள்ளையும் அந்த நீலமும் கண்ணில் ஒட்டிக்கொண்ட பிறகு, அடியைத் திருப்பாமலே உங்களுக்குச் சந்தேகம் வர ஆரம்பிக்கும். சாம்சன் அதற்கும் அப்புறம்.

மை ஊற்றிப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். உள்ளே உலர்ந்து கிடக்கும் பழைய கறுப்பு பெரும்பாலும் இரும்பு மை. அமிலம் உள்ளது, நுண்கீறலுக்குள் புகுந்தால் வெளியே வராது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து வருகிறதை எடுத்தால் போதும். குளோரின் போட்டு வெளுக்கப் போனால் முலாமும் போகும், பழைய ஒட்டுவேலையும் கழன்று வரும். எழுத ஆசையாக இருந்தால், உள்ளே அளவான ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை இறக்கி, மையை அதில் ஊற்றிக்கொள்ளுங்கள்.